தருமபுரியில் காது பார்த்த கதை

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானபோது திப்பு சுல்தான் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்த நிலங்களில் பாராமகாலும் ஒன்று. அந்தச் சீமையை அளந்து வரி போட அலெக்சாண்டர் ரீட் அனுப்பப்பட்டார். அவருக்குக் கீழே வேலை பார்த்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அவர் பாராமகாலில் இருந்தார். தருமபுரியில் வீடும் தோட்டமும் அமைத்துக்கொண்டு, ஊர் ஊராகக் குதிரையில் போய், குடியானவர்களிடம் நேரில் பேசி நிலவரியை நிர்ணயித்தார். பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறை உருவானதும் இந்த அலைச்சலில்தான்.

அந்த மன்றோவுக்குக் காது மந்தம். சின்ன வயதில் தட்டம்மை கண்டதன் விளைவு அது என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. சென்னை மாகாண கவர்னராக உயர்ந்து 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் இறக்கும்வரை அந்தக் குறை அவரோடு இருந்தது. கேட்கும் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது, எந்தக் காதில், கோளாறு வெளிச்செவியிலா உள்நரம்பிலா என்று அளந்து சொல்லும் முறை அப்போது வழக்கில் இல்லை. இசைக்கவையைத் தலையில் வைத்து இரண்டு காதுகளையும் ஒப்பிடும் முறைக்கு அடித்தளம் போட்ட ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் அதைப் பற்றி எழுதியது 1834இல். காதின் பின்னெலும்பில் ஒரு முறை, காதின் முன்னால் ஒரு முறை என்று இசைக்கவையை வைத்துப் பார்க்கும் சோதனையை ஹைன்ரிக் அடால்ஃப் ரின்னே வெளியிட்டது 1855இல். இன்றைக்கும் செவிலியர் கல்லூரி மாணவிகள் கற்கும் சோதனைகளில் இந்த இரண்டும் உண்டு. மன்றோ இவற்றுக்கு முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

துரையின் காது அவருடைய வரலாற்றில் இடம்பிடித்தது. அவர் வரி போட்ட குடியானவர்களின் காது அரசாங்கத் தாளில் ஏற இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அப்போதும் மருத்துவர் யாரும் அதை எழுதவில்லை. எழுதியவர் கிராமக் கர்ணம்.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1881இல் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பத் தாளில் உடற்குறைகளுக்கென்று தனி இடம் ஒதுக்கியது. மனநிலை பிறழ்ந்தோர், பார்வையற்றோர், தொழுநோயாளிகள், பிறவியிலேயே கேட்காமலும் பேசாமலும் இருப்போர் என நான்கு வகையினரை எண்ண வேண்டும். 1931 வரை பத்தாண்டுக்கு ஒரு முறை இந்தக் கேள்வி தொடர்ந்தது. தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவின் ஒரு தாலுகா. சென்னை மாகாணக் கிராமங்களில் இந்த எண்ணும் வேலை பெரும்பாலும் கர்ணங்கள் தலையில்தான் விழுந்தது. நிலக்கணக்கு எழுதிய அதே கை காதுக்கணக்கும் எழுதியது.

கர்ணத்தின் கையில் எந்தக் கருவியும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து வீட்டுத் தலைவரிடம் கேட்பார். அவர் சொல்வதை எழுதுவார். இரண்டு பக்கம் பிழை நேர்ந்தது. பிள்ளைக்குக் குறை இருப்பதைச் சொன்னால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று பெற்றோர் மறைத்தார்கள். இன்னொரு பக்கம், வயதானதால் காது மந்தமான கிழவர்களும் பிறவிச் செவிடர் பட்டியலில் ஏறினார்கள். முதியவர்களின் எண்ணிக்கை பொருத்தமில்லாமல் கூடி நிற்பதைக் கண்டு கணக்கெடுப்பு அதிகாரிகளே தங்கள் அறிக்கைகளில் இந்தக் குழப்பத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

பெரிய பிழை கேள்வியிலேயே இருந்தது. கேட்காமல், பேசாமல் இருப்பவரை மட்டுமே அந்தத் தாளுக்குத் தெரியும். ஆறு மாதக் குழந்தை எந்த வகையிலும் அதில் சேராது. அந்த வயதில் எந்தக் குழந்தையும் பேசுவதில்லை. ஒரு காதில் சீழ் வடிந்து பாதிக் கேள்வி போன பள்ளிப் பையனும் சேரமாட்டான், அவன் பேசுகிறான். காதைப் பற்றிய கணக்கை வாயைப் பார்த்து எழுதிய இந்தப் பழக்கம் நூறு ஆண்டுகள் நீடித்தது. தருமபுரியில் காது பார்த்த வரலாறு, இந்தப் பழக்கத்திலிருந்து மெல்ல மெல்ல விடுபட்ட வரலாறுதான்.

வீடுகளில் காதுக்குக் கவனிப்பு இல்லாமல் இல்லை. பிறந்த குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் பாட்டி, தலைக்கு ஊற்றியதும் இரண்டு காதிலும் வாய் வைத்து ஊதித் தண்ணீரை வெளியேற்றுவாள். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவாள். காது குத்தும் சடங்குக்குத் தாய்மாமன் மடியில் குழந்தை உட்காரும், ஆசாரி குத்துவார், மொய் எழுதுவார்கள். காது வலி என்றால் நல்லெண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சி இளஞ்சூட்டில் இரண்டு சொட்டு. குறும்பி அடைத்தால் கோழி இறகு, ஊக்கு, தீக்குச்சி. சீழ் வடிந்தால் பஞ்சைத் திணித்து மூடிவிடுவார்கள், அல்லது வயது வந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவார்கள்.

இவற்றில் பலவற்றை விட்டுவிடச் சொல்வதே இன்று செவிலியரின் வேலைகளில் ஒன்று. வாயால் ஊதும்போது எச்சிலும் கிருமியும் குழந்தைக்குப் போகின்றன. காய்ச்சிய எண்ணெய் சுட்டுவிடலாம். செவிப்பறையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுச்செவிக்குள் இறங்கும். ஊக்கும் குச்சியும் குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும், பறையையும் கிழிக்கும். குறும்பி அழுக்கு அன்று, காதுக்குழாயைக் காக்கும் பொருள், பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும் என்பதை நம்பவைக்க நர்சம்மாக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கேட்கிறதா என்று சோதிக்க வீட்டில் இருந்த வழி, பின்னால் நின்று கைதட்டுவது அல்லது தட்டைக் கரண்டியால் அடிப்பது. குழந்தை திரும்பினால் கேட்கிறது. இது ஏமாற்றும் சோதனை. கேளாக் குழந்தை நிழலசைவைக் காண்கிறது, கைவீச்சின் காற்றைக் கன்னத்தில் உணர்கிறது, தட்டு தரையில் எழுப்பும் அதிர்வை உடம்பால் வாங்குகிறது. உடனே திரும்பிவிடுகிறது. முழுக்கச் செவிடாக இல்லாமல் பாதிக் கேள்வி உள்ள குழந்தைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்திலும் அம்மன் திருவிழாவிலும் முழங்கும் பம்பை அந்தக் குழந்தையின் காதிலும் விழும். ஆனால் மெல்லிய, உயர்ந்த அதிர்வெண் கொண்ட ச, ஸ போன்ற ஒலிகள் விழுவதில்லை. பம்பைக்குத் துள்ளுகிற பிள்ளையைப் பார்த்து, காது நன்றாகத்தான் இருக்கிறது, பேச்சுதான் தாமதம் என்று வீடு முடிவு கட்டும். அவங்கப்பனும் மூன்று வயதில்தான் பேசினான் என்று யாராவது சாட்சியும் சொல்வார்கள். அந்த மூன்று வயதுக்குள் மொழி ஊன்ற வேண்டிய காலத்தின் பெரும்பகுதி கடந்துபோயிருக்கும்.

குறை உறுதியான பிறகு போவதற்கும் இடமில்லை. தமிழ்நாட்டில் கேளாக் குழந்தைகளுக்கான கல்வி 1890களில் பாளையங்கோட்டையில் ஆங்கிலேய மிஷனரிப் பெண் பிளாரன்ஸ் சுவெய்ன்சன் தொடங்கிய பள்ளியில் வேர்விட்டது. தருமபுரிக்கு ரயிலே 1906இல்தான் வந்தது, அதுவும் மொரப்பூரிலிருந்து போட்ட குறுகிய பாதை. மாகாணத்தின் தென்கோடியில் இருந்த பள்ளிக்கு ஒரு கேழ்வரகு விவசாயி பிள்ளையை அனுப்புவது நடைமுறையில் நடக்காத காரியம். 1941இல் அந்தக் குறுகிய பாதையையும் மூடிவிட்டார்கள்.

செவிலியர் இந்தக் கதைக்குள் வருவது தாமதமாகத்தான். சென்னைப் பொது மருத்துவமனையில் 1871இலேயே செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியை ஆரம்பித்தார். 1926இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்து பதிவு முறை ஏற்பட்டது. இவையெல்லாம் நகரத்து மருத்துவமனைகளை ஒட்டிய வளர்ச்சி. பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் பிரசவம் பார்த்தவர் ஊர் மருத்துவச்சி. 1946இல் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பரிந்துரைத்தது. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு அவை கிராமங்களை எட்டத் தொடங்கின. 1973இல் கர்த்தார் சிங் குழு, ஆளுக்கொரு நோய் என்று பிரிந்து அலைந்த ஊழியர்களை ஒன்றாக்கி, துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு பெண் பல்நோக்குப் பணியாளர் இருக்க வேண்டும் என்றது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பது பின்னாளில் ஏற்பட்ட அளவு. தமிழ்நாட்டில் அந்தப் பணியாளரின் பெயர் கிராம சுகாதார செவிலியர். ஊர் வாயில் நர்சம்மா.

நர்சம்மாவின் பையில் தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை, எடைத் தராசு எல்லாம் இருந்தன. பதிவேட்டில் கர்ப்பிணிகள், பிறந்த குழந்தைகள், குடும்பக் கட்டுப்பாடு. காதுக்கென்று ஒரு பத்தி இல்லை. பிறப்பையும் இறப்பையும் எண்ணியே ஓயாத காலம் அது. உயிருக்கு ஆபத்தில்லாத குறை வரிசையில் பின்னுக்குப் போனது இயல்புதான்.

தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல். அதே ஆண்டில் மைசூரில் மத்திய அரசு பேச்சு, கேள்விக்கான நிறுவனத்தைத் தொடங்கியது. அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் என்று பின்னர் பெயர் பெற்றது அதுதான். ஒலியின் அளவையும் அதிர்வெண்ணையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, கேட்கிறதா என்று பதிவு செய்யும் ஆடியோமீட்டரைக் கையாளும் நிபுணர்கள் அங்கிருந்து வெளிவரத் தொடங்கினார்கள். சென்னையில் 1969இல் பால வித்யாலயா, கேளாத மழலையருக்கென்றே அமைந்தது. தருமபுரியிலும் காலப்போக்கில் செவித்திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளி ஏற்பட்டது. பள்ளிகளும் நிபுணர்களும் வந்தார்கள். குழந்தையை அவர்களிடம் உரிய வயதில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கண்ணிதான் விட்டுப்போயிருந்தது.

அந்தக் கண்ணியைப் பற்றி இங்கிலாந்து முன்பே யோசித்திருந்தது. மான்செஸ்டரில் ஐரீன் யூவிங், அலெக்சாண்டர் யூவிங் தம்பதி 1944இல் கைக்குழந்தைகளின் கேள்வியைக் கண்டறியும் முறையை வெளியிட்டார்கள். தாய் மடியில் குழந்தை. ஒருவர் எதிரே பொம்மை காட்டிக் கவனத்தை இழுத்துப் பிடிப்பார். இன்னொருவர் குழந்தையின் பார்வை எட்டாத பக்கத்தில் நின்று மெல்லிய ஒலி எழுப்புவார். குழந்தை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். கைதட்டல்தான், ஆனால் நிழலும் காற்றும் அதிர்வும் கலக்காதபடி ஒழுங்குபடுத்திய கைதட்டல். பிரிட்டனில் வீடு வீடாகப் போகும் சுகாதாரச் செவிலியர்கள் இதைக் கற்றுப் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். நிபுணரின் அறையிலிருந்து சோதனை செவிலியரின் கைக்கு வந்தது அங்கேதான்.

அடுத்த திருப்பம் கருவிகளால் வந்தது. 1970களின் தொடக்கத்தில், ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின்பதிலைத் தலையில் ஒட்டிய மின்முனைகளால் பதிவுசெய்ய முடிந்தது. நம் ஊர் மருத்துவமனைகளில் பெரா சோதனை என்று பெற்றோர் சொல்வது இதைத்தான். 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப், நலமான உள்செவி ஒலியை வாங்குவதோடு நில்லாமல் மெல்லிய எதிரொலி ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது என்று கண்டுபிடித்தார். குழந்தையின் காதில் சிறு முனையைச் செருகி அந்த எதிரொலி வருகிறதா என்று சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். குழந்தை திரும்பவும் வேண்டாம், விழித்திருக்கவும் வேண்டாம். தூங்கினால் இன்னும் நல்லது. பிறந்த இரண்டாம் நாளே காதைக் காதாகவே சோதிக்க முடிந்தது.

இந்தியாவின் கணக்குத் தாள் இதற்கெல்லாம் பின்தங்கியே வந்தது. 1931க்குப் பிறகு கைவிடப்பட்ட உடற்குறைக் கேள்வி, உலக ஊனமுற்றோர் ஆண்டான 1981இல் திரும்பி வந்தது. வந்தபோது மூன்றே வகை: முற்றிலும் பார்வையற்றவர், முற்றிலும் கைகால் முடங்கியவர், முற்றிலும் பேச இயலாதவர். கேளாமைக்குத் தனி இடம் இல்லை. விண்வெளிக்கு ஆரியபட்டா போய் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் காதை வாய்வழியே எண்ணினார்கள். 1991இல் உடற்குறை பற்றிக் கேட்கவே இல்லை. 2001இல்தான் கேள்விக்குறை தனி வகையானது. அந்தக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 12.6 லட்சம் பேர் கேள்விக்குறை உடையவர்கள் என்று பதிவானார்கள். பத்து ஆண்டு கழித்து 2011இல் அதே எண் 50.7 லட்சம். பத்தே ஆண்டில் நாட்டின் காதுகள் நான்கு மடங்கு கெட்டுப்போகவில்லை. கேட்ட கேள்வியும் கேட்டவருக்குத் தந்த பயிற்சியும் மாறியதால் ஒளிந்திருந்தவர்கள் கணக்கில் தெரிந்தார்கள்.

கண்ணுக்குத் தெரிந்ததே கணக்கில் ஏறும் என்ற இந்தப் பாடம் தருமபுரிக்கு இன்னொரு வழியில் பழக்கம்தான். மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது, எலும்பு வளைந்தது. வாயைத் திறந்தாலே நோய் தெரிந்ததால் அதை மறைக்க முடியவில்லை. ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. கேளாமை பல்லில் கறையாகத் தெரிவதில்லை. யாராவது தேடிப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

தேடிப் போய்ப் பார்க்கும் பெண்களை உருவாக்குவது எப்படி என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. அரூருக்கு அப்பால், கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. காந்திகிராமத்தில் பணியாற்றிய மருத்துவத் தம்பதி ரெஜி ஜார்ஜ், லலிதா இருவரும் 1993இல் இங்கே பழங்குடி நல முன்முயற்சி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் மருத்துவமனை ஒரு குடிசை. அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்ததாக அமைப்பு பதிவு செய்திருக்கிறது. வெளியிலிருந்து செவிலியர் வந்து மலையில் தங்கமாட்டார்கள் என்று தெரிந்ததும், உள்ளூர் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பிரசவ அறையிலும் மருந்தகத்திலும் அவர்கள் நின்றார்கள். ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு பெண் நலப்பணியாளரானார், அவர் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீட்டிலேயே போய்ப் பார்த்தார். குழந்தைச் சாவு பெருமளவு குறைந்தது. பெரிய பட்டம் இல்லாதவரும் ஒழுங்கான கேள்விகளைக் கேட்டு, பார்த்து, தொட்டு, யாரை உடனே மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்தறிய முடியும் என்பதற்குச் சிட்லிங்கி சாட்சி.

ஏறத்தாழ அதே காலத்தில் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் குழந்தை நோய்களுக்கான ஒருங்கிணைந்த அட்டை ஒன்றைத் தயாரித்தன. இந்தியாவில் 2000களில் அது செவிலியர் பயிற்சிக்குள் வந்தது. இருமலுக்கோ பேதிக்கோ எதற்காக வந்தாலும், இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான ஒவ்வொரு குழந்தையின் தாயிடமும் கேட்க வேண்டிய கேள்வி அந்த அட்டையில் இருந்தது: குழந்தைக்குக் காதில் ஏதாவது தொந்தரவு உண்டா? உண்டு என்றால், வலிக்கிறதா, சீழ் வடிகிறதா, எத்தனை நாளாக? பிறகு டார்ச் வெளிச்சத்தில் சீழைப் பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால் விரலால் தொட்டு, வலிக்கும் வீக்கம் உண்டா என்று அறிய வேண்டும்.

மூன்று வரிதான். ஆனால் முழுத் தீர்மானமும் அதற்குள் இருக்கிறது. பின்னெலும்பில் வலியோடு வீக்கம் இருந்தால் தொற்று எலும்புக்குள் இறங்கிவிட்டது, மூளைவரை போகலாம், அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சீழ் வடிந்து 14 நாளுக்குள் இருந்தால் புதிய தொற்று, மருந்தோடு ஐந்து நாள் கழித்துத் திரும்ப வரச் சொல்ல வேண்டும். 14 நாளோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் நாள்பட்ட தொற்று. கிராமத்துக் குழந்தைகளின் கேள்வியைச் சத்தமில்லாமல் தின்பது இந்த நாள்பட்ட சீழ்தான். ஒவ்வொரு சளிக்கும் ஒழுகி, நின்று, மறுபடி ஒழுகிக் கடைசியில் செவிப்பறையில் ஆறாத ஓட்டையை விட்டுப்போகும். ஓட்டைக் காதுள்ள பையன் வகுப்பில் கடைசி பெஞ்சில் மக்கு என்று பெயர் வாங்குவான்.

இதற்கு அட்டை சொன்ன கைவைத்தியம் திரி. சுத்தமான பருத்தித் துணியைத் திரியாகத் திரித்துக் காதில் வைத்து, நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதுத் திரி வைக்க வேண்டும். காது உலரும்வரை, நாளைக்கு மூன்று முறையாவது. பழைய வீட்டு வைத்தியத்தில் பஞ்சு காதை அடைத்தது. இங்கே திரி ஈரத்தை உறிஞ்சி வெளியே எடுக்கிறது. எண்ணெய் விடாதீர்கள், ஏரியிலோ கிணற்றிலோ குதிக்க விடாதீர்கள் என்பது கூடவே வரும் அறிவுரை. விளக்குத் திரி திரித்துப் பழகிய கைக்குச் செய்முறையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதம் விடாமல் செய்யவைப்பதுதான் நர்சம்மாவின் சாமர்த்தியம்.

பெரியவர்களின் காதைப் பார்ப்பதற்கும் செவிலியருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காதுமடலை இழுத்தால் வலிக்கிறதா என்பது முதல் சோதனை. வலித்தால் தொந்தரவு வெளிக்குழாயில். உள்ளே பார்க்கும்போது பெரியவருக்கு மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும், சின்னக் குழந்தைக்குக் கீழும் பின்னுமாக. அப்போதுதான் குழாய் நேராகும். நலமான செவிப்பறை முத்துச் சாம்பல் நிறத்தில் பளபளக்கும். பிறகு ஒரு கை தூரத்தில் பின்னால் நின்று, ஒரு காதை மூடச் சொல்லி, இரண்டு மூன்று எண்களைக் கிசுகிசுத்து, திரும்பச் சொல்லவைக்க வேண்டும். உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லும் தந்திரம் பலிக்காமல் இருக்கத்தான் பின்னால் நிற்பது. பல ஆண்டுகள் கல் குவாரியின் இரைச்சலில் வேலை பார்த்தவரிடம், காதுக்குள் இரைகிறதா, கூட்டத்தில் பேசினால் புரிகிறதா என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும்.

மத்திய அரசு தேசியக் கேளாமைத் தடுப்பு, கட்டுப்பாட்டுத் திட்டத்தை 2007இல் 25 மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பிறகு விரித்தது. 2008இல் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்க்கச் சேலத்துக்குப் பேருந்து ஏறிய நிலை மாறியது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பிறவிக் கேளாமை, நடுச்செவித் தொற்று, வளர்ச்சிக்காலக் கேள்விக்குறை மூன்றையும் தன் பட்டியலில் சேர்த்தது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வாகனத்தில் போகும் மருத்துவக் குழுவில் ஒரு செவிலியரும் உண்டு. அந்தக் குழு சந்தேகப்படும் குழந்தை மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போக வேண்டும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நாட்டிலேயே முதல் கட்டமாகத் தமிழ்நாட்டிலும் நடந்தது. தட்டம்மை மன்றோவின் காதைக் கெடுத்ததாகச் சொல்லப்படும் அதே நோய். ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் தாக்கும் என்பது 1940களில் ஆஸ்திரேலியாவில் வெளிப்பட்ட உண்மை. ஒன்பது மாதக் குழந்தையின் கையில் நர்சம்மா போடும் அந்த ஊசி, காதுக்கான வேலை என்று அவரே எண்ணாமல் செய்யும் காதுக்கான வேலை.

ஊசியால் தடுக்க முடியாத காரணமும் இங்கே பலமாக இருக்கிறது. அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டும் வழக்கம் தமிழ்நாட்டின் பல பகுதிகளைப் போலவே இந்த மாவட்டத்திலும் நெடுங்காலமாக உண்டு. பிறவிக் கேளாமைக்குக் காரணமான மரபணுக் குறைகளில் பெரும்பாலானவை, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளையிடம் வெளிப்படும். ரத்த உறவில் அந்த வாய்ப்பு கூடுகிறது. உறவிலே கட்டினீர்களா என்ற கேள்வி கர்ப்பிணியைப் பார்க்கும் செவிலியரின் விசாரணையில் இடம்பெறுவது இதனால்தான். அந்தக் கேள்வியைக் குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேட்பது தனிக் கலை. தவறினால் மாமியார் வீடு கதவைச் சாத்திவிடும், அடுத்த முறை குழந்தையைக் காட்டமாட்டார்கள்.

கருவியையும் ஊர்ப்பெண்ணையும் ஒன்று சேர்த்தால் என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்தவர்கள் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்துக் கேள்வியியல் நிபுணர்கள். கிராம நலப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, உள்செவி எதிரொலியைப் பார்க்கும் கையடக்கக் கருவியோடு குழந்தைகளிடம் அனுப்பினார்கள். தேறாத குழந்தைக்கு ஊருக்கே வந்த வாகனத்தில் பெரா சோதனை. செயற்கைக்கோள் இணைப்பில் சென்னையில் உட்கார்ந்திருந்த நிபுணர் அலைகளைப் படித்தார். 2010களில் ஆய்விதழ்களில் வெளியான இந்த முயற்சி, நிபுணர் ஊருக்கு வராமலே சோதனை வரமுடியும் என்று காட்டியது.

கேளாமை உறுதியானால் இன்று வழி இருக்கிறது. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, உள்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவியைக் கட்டணமில்லாமல் வைக்கிறார்கள். அறுவைக்குப் பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். காதில் முதன்முதலாக ஒலி விழும் குழந்தைக்கு அது வெறும் இரைச்சல். அதில் அம்மாவின் குரல் எது, கதவு தட்டும் சத்தம் எது என்று பிரித்துக் கற்பதே பயிற்சி. வத்தல்மலையிலோ சித்தேரியிலோ இருக்கும் தாய்க்கு அந்தப் பயிற்சி வாரம் ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் கேட்கிறது.

பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழிவளர்ச்சி மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னே நிற்பதை 1998இல் அமெரிக்காவின் கொலராடோ ஆய்வு காட்டியது. இந்தச் சங்கிலி எந்த நாட்டிலும் அறுபடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: முதல் சோதனையில் தேறாத குழந்தை இரண்டாம் சோதனைக்குத் திரும்பி வருவதில்லை. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன தாய், பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று விட்டுவிடுகிறாள். ஆனால் ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் தடுப்பூசிக்கு அதே தாய் அதே குழந்தையோடு துணை சுகாதார நிலையத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். ஊசி போடும் முன், பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடுகிறதா, அம்மா குரல் கேட்டால் அழுகை அடங்குகிறதா, ஆஸ்பத்திரியில் காதைப் பார்த்தார்களா, என்ன சொன்னார்கள் என்று நர்சம்மா கேட்டு, மறுசோதனைத் தேதியைத் தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் எழுதிக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும்.